மூன்று முறை எண்ணிய தேர்தல்

"ஆளுநரைத் தேர்தல் வைத்துத் தெரிந்தெடுக்கும் நாடும் உண்டோ, ஐயா?" என்று உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் சென்ற கிழமை என்னை வினவினான். அரசறிவியற் பாடத்திற் கூட்டாட்சி முறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வேளை அது. அவன் ஐயத்திற் பிழையொன்றும் இல்லை. எங்கள் நாட்டவருக்கு ஆளுநர் என்றால் மேலிடத்திலிருந்து அனுப்பப்படுபவர். பிரித்தானியர் காலத்தில் அவரைத் தேசாதிபதி என்றோம். முடியின் கட்டளையை ஏந்திக்கொண்டு அவர் கப்பலேறி வந்தார். 1987ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட பதின்மூன்றாந் திருத்தத்தின் பின்னர் மாகாணத்துக்கு ஓர் ஆளுநர் வந்தார். அவரையும் சனாதிபதியே நியமிக்கின்றார். ஆளப்படுபவர்கள் வரிசையில் நின்று புள்ளடியிட்டுத் தமக்கோர் ஆளுநரைத் தேடிக்கொள்வதென்பது எங்கள் அனுபவத்தில் இல்லாததொன்று.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கே 50 மாநிலங்களுக்கும் 50 ஆளுநர்கள். ஐம்பதின்மரும் மக்களாற் தெரிவு செய்யப்படுபவர்கள். மாநில அரசாங்கத்தின் தலைவர் அவரே. சட்டசபை நிறைவேற்றிய மசோதாவிற் கையொப்பமிடுபவரும், வேண்டாமென்று திருப்பி அனுப்புபவரும் அவரே. நாட்டின் சனாதிபதி எத்துணை வல்லமை உடையவராயினும் ஒரு மாநில ஆளுநரை வீட்டுக்கு அனுப்ப அவருக்கு அதிகாரமில்லை. ஆகவே அப்பதவிக்கு நடக்கும் போட்டி கடுமையாக இருப்பதில் வியப்பில்லை. அப்போட்டிகளுள் ஒன்றை அன்று வகுப்பிற் சொல்லத் தொடங்கினேன். பாதியில் மணி அடித்துவிட்டது. மறுநாள் மீதியைச் சொல்லி முடித்தேன் எனினும், பாடவேளைக்குள் அடங்காத சில செய்திகள் மனத்திலேயே நின்றுவிட்டன. அவற்றையுஞ் சேர்த்து இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளலாமென எண்ணுகின்றேன்.

வாஷிங்டன் என்றதும் நம்மிற் பலருக்கு வெள்ளை மாளிகை இருக்கும் தலைநகரமே நினைவுக்கு வரும். நான் கூறப்போவது அதுவன்று. வாஷிங்டன் என்னும் பெயருடைய மாநிலமொன்று அந்நாட்டின் மறு கோடியில், பசிபிக் கடலை ஒட்டிய வடமேற்கு மூலையில் இருக்கின்றது. அதன் தலைநகர் ஒலிம்பியா, பெருநகர் சியாட்டில். நம்முடைய மாவட்டத்தை ஒத்த பிரிவுகளை அங்கே கவுண்டி என்பர். அம்மாநிலத்தில் 39 கவுண்டிகள் உள. சியாட்டில் நகரத்தைத் தன்னுட் கொண்ட கிங் கவுண்டி அவற்றுள் மிகப் பெரியது.

2004ஆம் ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி அங்கு ஆளுநர் தேர்தல் நடைபெற்றது. ஜனநாயகக் கட்சியின் அபேட்சகர் கிறிஸ்டீன் கிரெக்வார் அம்மையார். பன்னிரண்டு ஆண்டுகளாக மாநிலத்தின் சட்டமா அதிபராக இருந்தவர். (அந்தப் பதவிக்கும் அங்கே தேர்தல்தான்.) குடியரசுக் கட்சியின் அபேட்சகர் டினோ ரொஸி, காணி வீடு விற்பனைத் தொழிலில் இருந்தவர், மாநிலச் செனற் சபையில் அங்கம் வகித்தவர். மூன்றாவதாக ஒரு சிறு கட்சியின் அபேட்சகரும் நின்று 63,000 வாக்குகள் வரையிற் பெற்றார். மொத்தம் 28 இலட்சம் மக்கள் வாக்களித்தனர்.

முதலெண்ணிக்கை முடிந்தபோது ரொஸிக்கு 13,71,414 வாக்குகள், கிரெக்வாருக்கு 13,71,153. வித்தியாசம் 261. இரண்டாயிரத்துக்குக் குறைந்த இத்தகைய சிறு வித்தியாசம் வருமாயின், எவரும் கேளாமலே இயந்திரத்தின் மூலம் மீண்டும் எண்ணவேண்டுமென்பது அம்மாநிலச் சட்டம். எண்ணினார்கள். இம்முறையும் ரொஸியே முன்னின்றார். ஆனால் 261 என்பது 42 ஆகச் சுருங்கிவிட்டது. நவம்பர் 30ஆந் திகதி மாநிலச் செயலாளர் சாம் ரீட் என்பவர் ரொஸியின் வெற்றியை உறுதிப்படுத்திக் கையொப்பமிட்டார். தேர்தல்களுக்குப் பொறுப்பான அதிகாரி அவரே. அவரும் குடியரசுக் கட்சியினர் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் நன்று.

"அதே சீட்டுகளை அதே இயந்திரத்தில் இட்டு எண்ணினால் விடை எப்படி மாறும்?" என்று முன் வாங்கில் இருந்த மாணவியொருத்தி இவ்விடத்திற் கேட்டாள். நியாயமான கேள்வி. வாக்குச் சீட்டில் அபேட்சகரின் பெயருக்கு எதிரேயுள்ள சிறு வட்டத்தை வாக்காளர் கறுப்பாக நிரப்பவேண்டும். இயந்திரம் அந்தக் கறுப்பைத் தேடிப் படிக்கும். ஆனால் மனிதர் எல்லோரும் சொன்னபடி நிரப்புவார்களா? ஒருவர் வட்டத்தினுட் சிறு கோடொன்றை இடுவார். ஒருவர் பெயரைச் சுற்றி வளையம் போடுவார். இன்னொருவர் மங்கிய பென்சிலைத் தேடிப் பிடித்து எழுதுவார். ஒரு முறை இயந்திரத்தின் கண்ணிற் படாத கோடு மறுமுறை படும். மடிந்த தாள் ஒரு முறை ஒட்டிக்கொண்டு செல்லும், மறுமுறை பிரிந்து செல்லும். இலட்சத்தில் ஒன்றிரண்டு இவ்வாறு பிசகினால் எவருக்கும் அது தெரியவராது, தெரியவேண்டிய தேவையுமில்லை. ஆனால் 28 இலட்சத்தில் 42 என்பது மிக நுண்ணிய இடைவெளி. விறகு காலையிலுள்ள தராசிலே தாலிப் பொன்னை நிறுக்கப் புகுந்தது போன்ற நிலை அது.

இங்கே என் சொந்தப் பிழையொன்றைச் சொல்லவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தி முடித்து, இரவு பதினொரு மணிக்குப் புள்ளிகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஒரு மாணவனுடைய தாளில் மூன்றாம் வினாவுக்குரிய 12 புள்ளிகளைக் கூட்டாமலே 31 என்று எழுதிவிட்டேன். அவன் சித்தியடையவில்லை என்று அறிக்கை போயிற்று. அவன் என்னிடம் வரவில்லை. அவனுடைய தாயார்தான் வந்தார். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்த தாளை அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, "பிள்ளை கேட்க வெட்கப்படுகிறான், நீங்கள் ஒருக்காற் கூட்டிப் பாருங்கோ" என்றார். கூட்டிப் பார்த்தேன். 43. அன்று முதல் ஒவ்வொரு தாளையும் இரு முறை கூட்டுகின்றேன். இரு விடைகளும் ஒவ்வாவிடின் மூன்றாம் முறையுங் கூட்டுகின்றேன். மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளை "வீண் முயற்சி" என்று ஏளனஞ் செய்யும் ஆசிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பிழை விடுதல் திருட்டு அன்று. ஆனால் கேட்பதற்கு வழி இல்லாவிடிற் பிழைக்கும் திருட்டுக்கும் இடையே பாதிக்கப்பட்டவன் என்ன வேற்றுமையைக் காண்பான்?

வாஷிங்டன் மாநிலத்திற் கேட்பதற்கு வழி இருந்தது. ஆனால் அது இலவசமன்று. தோற்ற தரப்பு விரும்பினாற் கையால் எண்ணும் மூன்றாம் எண்ணிக்கையைக் கோரலாம். அதற்குச் சீட்டொன்றுக்கு 25 சதம் வீதம் முற்பணம் கட்டவேண்டும். முடிவு மாறினாற் பணம் திரும்பும். மாறாவிட்டாற் போனது போனதே. ஜனநாயகக் கட்சியினர் 7,30,000 டொலர் வரையிற் கட்டினர். பணம் படைத்த பெருங்கட்சி ஆதலாற் கட்டிற்று. சிறு கட்சியொன்றோ, பணமில்லாத சுயேச்சை அபேட்சகரோ அவ்விடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. அச்சட்டத்தில் எனக்குப் பிடியாத இடம் இது.

திசெம்பர் மாதத்தில் 39 கவுண்டிகளிலும் அலுவலர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து எண்ணினர். இரு கட்சிக் கண்காணிப்பாளரும் அருகே நின்று பார்த்தனர். அந்த நாட்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த செய்தியே இவ்வரலாற்றின் திருப்பமாக அமைந்தது.

அங்கே தபாலில் வாக்களிப்போர் மிகப் பலர். சீட்டை உறையிலிட்டு, உறையின் மேற் கையொப்பமிட்டு அனுப்பவேண்டும். அக்கையொப்பத்தை வாக்காளர் பதிவிலுள்ள கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தே உறையைத் திறப்பர். ஒவ்வாத உறைகள் திறவாமலே ஒதுக்கப்படும். கிங் கவுண்டி மன்றத்தின் தலைவராக அப்போது இருந்தவர் லாரி பிலிப்ஸ் என்பவர், ஜனநாயகக் கட்சியினர். ஒதுக்கப்பட்ட வாக்காளர்களின் பெயர்ப்பட்டியலொன்றை அன்று அவர் பார்த்துக்கொண்டு செல்கையில் ஓரிடத்திற் கண் நின்றது. அங்கே அவருடைய பெயரே இருந்தது! தம் கவுண்டியின் மன்றத்துக்குத் தலைமை தாங்கும் ஒருவருடைய வாக்கே எண்ணப்படாமற் கிடந்திருக்கின்றது. அதுவும் ஆறு கிழமைகளாக அவர் அறியாமல்.

காரணத்தை விசாரித்தார்கள். அவருடைய கையொப்பத்திற் பிழையில்லை. பழைய பதிவுத்தாளிலிருந்த கையொப்பம் கணினிக்குள் ஏற்றப்படாமல் விடுபட்டிருந்தது. கணினியிற் காணாவிடின் மூலப் பதிவுத்தாளை எடுத்துப் பார்க்கவேண்டும் என்பது விதி. அவ்வாறு பார்க்காமல், "கையொப்பம் இல்லை" என்று ஒதுக்கிவிட்டார்கள். இவ்விதம் ஒதுக்கப்பட்டவர் அவரொருவரல்லர். தேடத் தேட 573 உறைகள் அகப்பட்டன. தலைவர் தம் பெயரைத் தற்செயலாகக் கண்டிராவிட்டால் மற்றவர்களின் கதி என்னவாகியிருக்கும்? அவர்களுட் கடைக்காரர் இருந்திருக்கலாம், தாதியர் இருந்திருக்கலாம், வயோதிபர் இருந்திருக்கலாம். தம் கடமையைச் செய்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அவர்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பர்.

கிங் கவுண்டி ஜனநாயகக் கட்சிக்குச் செல்வாக்கு மிகுந்த இடம். ஆதலால் இவ்வுறைகளைத் திறந்தால் யாருக்கு நன்மை என்பது எல்லோருக்குந் தெரிந்ததே. குடியரசுக் கட்சியினர் நீதிமன்றம் சென்றனர். பியர்ஸ் கவுண்டி நீதிபதி ஒருவர் அவற்றை எண்ணலாகாதெனத் தடையுத்தரவு பிறப்பித்தார். வழக்கு மாநில உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடாகச் சென்றது.

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். இதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான் ஜனநாயகக் கட்சியினர் அதே நீதிமன்றத்தில் வேறொரு மனுவைக் கொண்டுபோயிருந்தனர். மாநிலமெங்கும் ஒதுக்கப்பட்ட சீட்டுகள் அனைத்தையும் மீண்டும் ஆராயவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. மீள எண்ணுதல் என்பது முன்னர் எண்ணியவற்றை மீண்டும் எண்ணுதலே, முன்னர் முறைப்படி தள்ளியவற்றைப் புதிதாக விசாரித்தலன்று என்று கூறி அம்மனுவை நீதிபதிகள் ஒருமனதாகத் தள்ளினர். இப்போது குடியரசுக் கட்சியினர் அதே தீர்ப்பைக் கையிற் பிடித்துக்கொண்டு, "அப்படியாயின் இந்த 573ஐயும் திறக்கக்கூடாதன்றோ?" என்றனர். திசெம்பர் 22ஆந் திகதி நீதிபதிகள் இதனையும் ஒருமனதாக மறுத்தனர். தாமே விட்ட பிழையைத் தாமே கண்டுகொண்டால் முடிவை உறுதிப்படுத்துமுன் திருத்துவதற்குக் கவுண்டித் தேர்தற் சபைக்குச் சட்டம் இடங்கொடுக்கின்றது என்பதே அவர்கள் கூறிய நியாயம். ஒன்பது நாளிடைவெளிக்குள் இரு கட்சியும் ஒவ்வொரு முறை அங்கே தோற்றன. வெளித்தோற்றத்தில் இரு தீர்ப்புகளும் முரண்படுவன போலத் தோன்றும். உற்று நோக்கினால் ஒரே கோட்டின் இரு பக்கங்கள் அவை. மேலே நான் சொன்ன தாயாரின் வேண்டுகோள் ஒன்று. வகுப்பிலுள்ள எல்லார் விடைகளையும் வேறோர் ஆசிரியர் புதிதாகத் திருத்தவேண்டும் என்று கேட்பது மற்றொன்று.

கையெண்ணிக்கை முடிந்தது. கிரெக்வார் 13,73,361. ரொஸி 13,73,232. இம்முறை கிரெக்வார் 129 வாக்குகளால் முன்னின்றார். திசெம்பர் 30ஆந் திகதி சாம் ரீட் இரண்டாவது உறுதிப்பத்திரத்திற் கையொப்பமிட்டார். சரியாக ஒரு மாதத்துக்கு முன் தம் கட்சிக்காரர் வென்றார் என்று ஒப்பமிட்ட அதே கை, இப்போது அவர் எதிரி வென்றார் என்று ஒப்பமிட்டது. அவருடைய கட்சியாருட் பலர் அவர்மீது கடுங்கோபங் கொண்டனர். எண்ணிக்கைகள் சொல்லியதை எழுதுவதே தம் உத்தியோகம் என்பது போல அவர் நடந்துகொண்டார். 2008இல் மக்கள் அவரை அதே பதவிக்கு மீண்டுந் தெரிந்தெடுத்தனர். இத்தகையோரின் பெயர்கள் சரித்திர நூல்களிற் பெரிய எழுத்தில் வருவதில்லை. ஆனால் தேர்தல் என்னும் ஏற்பாடு நிற்பது இவர்கள் தோளில்தான் என்பது என் துணிபு.

2005 சனவரி 12ஆந் திகதி கிரெக்வார் ஆளுநராகப் பதவிப்பிரமாணஞ் செய்தார். மாநிலத்தின் பாதிப்பேர் அவரை ஆளுநராகவே எண்ணவில்லை. மறுதேர்தல் வேண்டுமென்று ரொஸி கேட்டார். அது கிடையாதெனக் கண்டபின் அவருடைய கட்சியினர் தேர்தல் வழக்குத் தொடுத்தனர். வழக்கு நடந்த இடம் ஷெலான் கவுண்டியிலுள்ள வெனாச்சி. அப்பிள் தோட்டங்களுக்குப் பெயர்போன ஊர். ரொஸியின் செல்வாக்குள்ள பகுதி அது. மே மாதம் 23ஆந் திகதி நீதிபதி ஜோன் பிரிட்ஜஸ் முன்னிலையில் விசாரணை தொடங்கியது.

வழக்காளிகள் வெறுங்கையோடு வரவில்லை. குற்றத்தீர்ப்புப் பெற்று வாக்குரிமையை இழந்து, அதனை மீளப் பெறாதவர்கள் நூற்றுக்கணக்கில் வாக்களித்திருந்தனர். இறந்தவர் பெயரில் விழுந்த வாக்குகள் சில. இரு முறை வாக்களித்தவர் சிலர். தகுதி பார்த்த பின்னரே எண்ணப்படவேண்டிய தற்காலிக வாக்குச் சீட்டுகள் சில நூறு நேரே இயந்திரத்துக்குட் போயிருந்தன. எல்லாவற்றையும் அலசிப் பார்த்து, 1,678 வாக்குகள் சட்டத்துக்கு மாறானவை என்று நீதிபதியே கண்டார்.

வகுப்பு இவ்விடத்திற் கொந்தளித்துவிட்டது. "129 எங்கே, 1,678 எங்கே! பிறகு அந்தத் தேர்தல் எப்படிச் செல்லும்?" என்று நாலா பக்கமுமிருந்து கேட்டார்கள். நானும் முதன்முதலில் இதனைப் படித்தபோது அப்படியே கேட்டேன்.

விடை இரகசிய வாக்குரிமையில் இருக்கின்றது. தகாத வாக்கொன்று பெட்டிக்குள் விழுந்தபின் அது எந்தச் சீட்டு என்று எவராலுஞ் சொல்லமுடியாது. அந்த 1,678 பேரும் யாருக்கு வாக்களித்தார்கள்? எல்லோரும் கிரெக்வாருக்கு இட்டிருந்தால் வென்றவர் ரொஸி. எல்லோரும் ரொஸிக்கு இட்டிருந்தால் கிரெக்வாரின் வெற்றி மேலும் பெரியது. தெரியாத ஒன்றைக் கணக்கிலிருந்து எப்படிக் கழிப்பது?

குடியரசுக் கட்சியின் நிபுணர்கள் இதற்கொரு வழி சொன்னார்கள். தகாத வாக்காளர் எந்த வட்டாரத்தில் வாக்களித்தாரோ அந்த வட்டாரத்து விகிதப்படி கழித்துவிடுக என்றார்கள். வட்டாரத்தில் நூற்றுக்கு எழுபது கிரெக்வாருக்கு விழுந்திருந்தால், அங்குள்ள தகாத வாக்குகளிலும் நூற்றுக்கு எழுபது அவருடையவையே என்று கொள்க என்பது அவ்வாதம். கேட்பதற்குக் கணிதம் போலவே இருக்கின்றது. நீதிபதி அதனை ஏற்கவில்லை. தகாத வாக்குகளாலேயே முடிவு மாறியது என்பதைச் சான்று கொண்டு நிறுவுதல் வழக்காளியின் பொறுப்பு. ஊகம் சான்றாகாது என்றார்.

இத்தீர்ப்பில் நான் நீதிபதியின் பக்கமே நிற்கின்றேன். சட்டக் காரணத்தினால் மட்டுமன்று. அயலவர்கள் எப்படி வாக்களித்தார்களோ அப்படியே நீயும் அளித்திருப்பாய் என்று ஒருவனைப் பார்த்துச் சொல்வது, உனக்கெனத் தனி மனம் இல்லை என்று சொல்வதாகும். ஒரே ஒழுங்கையில் பணக்காரனும் இருக்கிறான், அவன் வீட்டுக் கிணறு இறைப்பவனும் இருக்கிறான். ஒரே வீட்டில் தகப்பன் ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் புள்ளடியிட்டுவிட்டு, ஒன்றும் நடவாதவர்கள்போல மத்தியானம் ஒன்றாக அமர்ந்து சோறுண்பதை நான் கண்டதில்லையா? ஊரையும் பேரையுங் கொண்டு ஒருவனுடைய வாக்கை ஊகித்துவிடும் வழக்கம் நம்மிடமும் வேரூன்றிக் கிடக்கின்றது. அந்த வழக்கத்துக்கு நீதிமன்றத்தில் இடமில்லை என்று ஓர் அப்பிள் தோட்டத்து ஊரிலே ஒரு நீதிபதி சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. வாக்குரிமை இழந்தவர்களுள் ஐவர் தாம் யாருக்கு வாக்களித்தோம் என்பதை நீதிமன்றத்துக்குச் சத்தியஞ் செய்து கூறினர். நால்வர் ரொஸிக்கு, ஒருவர் மூன்றாம் அபேட்சகருக்கு. இவை ஊகமல்ல, சான்று. ஆதலால் நீதிபதி கழிக்கலாம். கழித்தார். ரொஸிக்கு நான்கு குறைந்தது. 129 என்பது 133 ஆயிற்று! வழக்குத் தொடுத்தவருக்கே வழக்கினாற் கிடைத்த பலன் அது.

சூன் 6ஆந் திகதி தீர்ப்பு வந்தது. அன்று மாலையே, தாம் மேன்முறையீடு செய்யப்போவதில்லை என ரொஸி அறிவித்தார். மனம் முழுவதும் இனித்து அவர் அதனைச் சொன்னாரென்று கூறமாட்டேன். மாநில உயர் நீதிமன்றத்தின் அரசியற் சார்பு தமக்கு எதிரானது என்ற குறையையும் சேர்த்தே சொன்னார். ஆனால் நிறுத்திக்கொண்டார். ஏழு மாதப் போராட்டம் அத்துடன் ஓய்ந்தது. 2008இல் அதே இருவரும் மீண்டும் எதிரெதிரே நின்றார்கள். அம்முறை கிரெக்வார் நூற்றுக்கு ஆறுக்கு மேற்பட்ட விகிதத்தால் வென்றார். மூன்று முறை எண்ணவேண்டிய தேவை எவருக்கும் ஏற்படவில்லை.

தோற்றவர் விட்டுக்கொடுத்த வேறு வரலாறுகளும் அந்நாட்டில் உள. 1839இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 1,02,066 வாக்குகள் விழுந்தன. வெல்வதற்குப் பாதிக்கு மேல் வேண்டும் என்பது அக்காலத்து விதி. மார்க்கஸ் மோர்ட்டன் என்பவர் பெற்றது 51,034. பாதிக்கு மேல் ஒரேயொரு வாக்கு! அப்போது ஆளுநராக இருந்த எட்வர்ட் எவரெட் அம்முடிவைக் கிளறாமல் ஏற்றுக்கொண்டு விலகினார். மினசோட்டா மாநிலத்தில் 1962இல் நடந்த தேர்தலில் 12 இலட்சத்துக்கு மேற்பட்ட வாக்குகளில் கார்ல் ரோல்வாக் 91 வாக்குகளால் வென்றார். அதனைக் கண்டறிய நான்கரை மாதஞ் சென்றது. அதுவரை முன்னைய ஆளுநர் எல்மர் அண்டர்சனே ஆட்சி செய்தார். நீதிபதிகள் மூவர் தீர்ப்பளித்ததும், மேலே போகாமல் 1963 மார்ச்சில் நாற்காலியை ஒப்படைத்துவிட்டுப் போனார்.

வாஷிங்டன் மாநிலம் அந்தத் தேர்தலின் பின்னர்ச் சும்மா இருந்துவிடவில்லை. வாக்காளர் இடாப்பைச் சீர்செய்தார்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் எல்லாக் கவுண்டிகளிலும் தபாலிலேயே வாக்களிப்பு நடைபெறுகின்றது. தண்டனை பெற்றவர் எப்போது வாக்குரிமையை மீளப் பெறுகின்றார் என்பதும் முன்னர் சிக்கலான விடயமாக இருந்தது. நீதிமன்றம் விதித்த தண்டப்பணத்தின் கடைசிச் சதம் வரையிற் செலுத்தித் தீர்க்காதவர் வாக்களித்தாற் குற்றம். ஆனால் அவருடைய நிலை என்னவென்று அவருக்கும் தெரியாது, இடாப்பு வைத்திருப்பவருக்கும் தெரியாது. அவ்வழக்கில் அகப்பட்டவர்களுட் பலர் வஞ்சகரல்லர், அறியாதவரே என்று நான் நினைக்கின்றேன். 2009இல் அதனை எளிதாக்கினர். 2022 தொடக்கம் சிறையிலிருந்து வெளியே வந்தாற் போதும், உரிமையும் உடன் வந்துவிடுகின்றது.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, முதலிற் கேள்வி கேட்ட மாணவன் மீண்டும் எழுந்தான். "இரண்டு பேரும் சரிசமனாக எடுத்திருந்தால், ஐயா?" என்றான். மாநிலச் சட்டசபையின் இரு சபைகளும் ஒன்றுகூடி ஒருவரைத் தெரிந்தெடுக்கும் என்று அம்மாநில அரசியலமைப்புக் கூறுகின்றது என்றேன். அவனுக்கு அது திருப்தியாக இல்லை. எங்கள் உள்ளூராட்சி மன்றங்களிலே தவிசாளர் தெரிவு சமனாக முடியும்போது திருவுளச்சீட்டுப் போடுவதை அவன் பத்திரிகையிற் படித்திருக்கின்றான்.

"ஏழரை இலட்சம் டொலர் செலவழித்து, ஏழு மாதம் வழக்காடி, மூன்று தரம் எண்ணி... அதிலும் பார்க்க ஒரு திருவுளச்சீட்டுப் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும், ஐயா!"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நானுஞ் சிரித்தேன்.

"அந்த 573 பேரும் சம்மதிப்பார்களா?" என்று கேட்டேன்.

அவன் யோசித்துக்கொண்டு நிற்கையிலே மணி அடித்துவிட்டது.